ஏழு பவுன் விமானம்



ரப்பர் விசையில் பறக்கும் மாதிரி விமானக் கிட் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பெரிதாக ஒன்றும் இருக்காது. தீக்குச்சிக் கனத்தில் பால்சா மரச்சட்டங்கள், விலா வடிவங்கள் அச்சிட்ட இரண்டு மூன்று மெல்லிய பலகைகள், நாலாக மடித்த வரைபடம், பட்டத் தாளைவிட மெல்லிய தாள் ஒன்று, பிளாஸ்டிக் விசிறி, கம்பிக் கொக்கி, நீளமான ரப்பர் நாடா. வரைபடத்தை மேசைமேல் விரித்து, அதன் கோடுகள்மேலேயே சட்டங்களைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டி, எலும்புக்கூடு போல உடலைக் கட்டி, தாளைப் போர்த்தி, மூக்கிலிருந்து வால்வரை ரப்பரைக் கோத்து, சில நூறு சுற்று முறுக்கிவிட்டால் அது பறக்கும். அரை நிமிடம் பறக்கும். பக்குவமாகக் கட்டியிருந்தால் ஒரு நிமிடத்துக்கு மேலும் பறக்கும். பிறகு காற்று கொண்டுபோய் விட்ட இடத்தில் இறங்கும். அந்த ரப்பரை எடுத்துவிட்டு, ஒரு சிறு மோட்டாரும் பேட்டரியும் ரிசீவரும் வைத்து, தரையிலிருந்தே ரிமோட்டில் ஓட்டும்படி அதை மாற்றலாம். தியாகதுருகத்திலும் கள்ளக்குறிச்சியிலும் கல்வராயன் மலை ஊர்களிலும் படிக்கும் ஒரு மாணவர் தன் விடுமுறையில் ஒரு மாதத்தை இதற்குக் கொடுக்கலாமா என்பதுதான் இன்றைய கேள்வி. கொடுக்கலாம் என்பது என் பதில். எடையை மதிக்க இதைவிட நன்றாகச் சொல்லித்தரும் பாடம் பள்ளி வயதுக்கு வேறு இல்லை என்பதே நான் சொல்லும் காரணம். விமானம் என்பது முதலில் ஒரு எடைக் கணக்கு; மற்றவை எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1871 ஆகஸ்ட் 18 அன்று பாரிஸின் துய்லரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ என்ற இளைஞர், முறுக்கிய ரப்பரில் ஓடும் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். 45 சென்டிமீட்டர் இறக்கை, 16 கிராம் எடை. அந்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு ரப்பர். 11 வினாடியில் சுமார் 40 மீட்டர் போனது. தானாகவே நிலைகுலையாமல் பறக்கும் விமானம் சாத்தியம் என்று உலகுக்குக் காட்டியது அந்தப் 16 கிராம்தான். 1878இல் ரைட் சகோதரர்களுக்கு அவர்கள் தந்தை வாங்கி வந்த பறக்கும் பொம்மையும் பெனோவின் வழியில் ரப்பரால் ஓடியது. பிறகு அமெரிக்காவில் சாமுவேல் லாங்லி என்ற விஞ்ஞானி ரப்பர் மாதிரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டிப் பார்த்தார். அவருக்கு வந்த தடை நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துகிறது. சில வினாடிகளில் முடிந்துவிடும் பறத்தலில் எதையும் அளந்து பார்க்க முடியவில்லை. இறக்கையில் குறையா, வாலில் குறையா என்று தெரிந்துகொள்வதற்குள் பொம்மை தரையில் கிடக்கிறது. அதனால் அவர் ரப்பரை விட்டு நீராவிக்குப் போனார். 1896 மே 6 அன்று பொட்டோமாக் ஆற்றின் மேல் அவருடைய ஆளில்லா விமானம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பறந்தது. ரப்பரைக் கழற்றி வேறு விசை வைக்கும் எண்ணம் நம் காலத்துப் புது ஆசை அல்ல. பறத்தலை நிதானமாகக் கவனிக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து அது அன்றே பிறந்துவிட்டது.

லாங்லிக்கு நீராவியைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கிறது. நல்ல ரப்பர் நாடா ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 10 ஜூல் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும். 10 கிராம் ரப்பர் என்றால் 100 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் ஆழமுள்ள கிணற்றிலிருந்து இறைக்கும் வேலை அவ்வளவுதான். அதற்குப் பாதி எடையுள்ள, 5 கிராம் லித்தியம் பாலிமர் பேட்டரியை எடுத்துக்கொள்ளுங்கள். 3.7 வோல்ட், 200 மில்லிஆம்பியர்-மணி. பெருக்கிப் பார்த்தால் 2,600 ஜூலுக்கு மேல் வருகிறது. எடைக்கு எடை பார்த்தால் ஐம்பது மடங்கு. ஆனால் கணக்கை நேர்மையாகப் போட வேண்டும். ரப்பர் தன் ஆற்றலை நேராக விசிறிக்குக் கொடுக்கிறது. விசிறியில் மட்டும்தான் இழப்பு. மின்சாரமோ மோட்டாரிலும் பல்சக்கரத்திலும் விசிறியிலும் சேதாரம் கொடுத்துவிட்டு, கால் பங்குக்குச் சற்று மேல்தான் பறத்தலுக்குத் தரும். அப்படியிருந்தும் மிஞ்சுவது ரப்பர் தருவதைப் போல் பத்து மடங்குக்கு மேல். ஒரு நிமிடம் பறந்தது பத்து நிமிடம் பறக்கிறது. லாங்லி ஏங்கிய கால அவகாசம் இன்று கட்டைவிரல் அகலப் பொட்டலமாகக் கிடைக்கிறது.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. ஐம்பது மடங்கு என்ற எண் காதில் விழுந்ததும், இனி எடையைப் பற்றி என்ன கவலை, பெரிய மோட்டாராக வைத்தால் எதையும் தூக்கிவிடும் என்று மனம் தாவும். அந்தத் தாவலுக்கான விலையை வரலாறு சொல்கிறது: 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின், டீசல் எஞ்சினுக்காக வடிவமைத்த ‘ரேடியோ குவீன்’ என்ற தன் மாதிரி விமானத்தில் மின்மோட்டாரும் வெள்ளி-துத்தநாக மின்கலங்களும் வைத்துப் பறக்கவிட்டார். வானொலிக் கட்டுப்பாட்டில் மின்விசையால் பறந்ததாகப் பதிவான முதல் மாதிரி விமானம் அது. அதன் இறக்கை இரண்டு மீட்டருக்கும் மேல். அன்றைய மோட்டாரையும் மின்கலங்களையும் சுமக்க அவ்வளவு இறக்கை வேண்டியிருந்தது. நம் கையில் இருப்பது 60 சென்டிமீட்டர் இறக்கை. மேல்நோக்கி வளரும் வழி நமக்கு அடைபட்டிருக்கிறது. எடையைக் கீழ்நோக்கித்தான் செதுக்க வேண்டும்.

அந்தச் செதுக்கலைப் பவுன் கணக்கில் சொல்கிறேன். ஒரு பவுன் 8 கிராம் என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த அளவு. 60 சென்டிமீட்டர் நீளம், சராசரி 9 சென்டிமீட்டர் அகலம் உள்ள இறக்கையோடு ஒரு ரப்பர் விமானத்தைக் கவனமாகக் கட்டினால், தாள் போர்த்திய வெறும் உடல் 40 கிராமில் நிற்கும். அதாவது 5 பவுன். இதில் 10 கிராம் ரப்பர் சேரும். விசிறியும் அதன் அச்சும் மூக்குக் கட்டையும் ஒரு 4 கிராம். இன்னொன்றும் உண்டு; அதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. ரப்பர் உடல் நெடுகிலும் பின்பக்கம்வரை கிடப்பதால் விமானம் வால்கனமாகிவிடும். அதைச் சரிக்கட்ட மூக்கில் களிமண் உருண்டை வைப்பார்கள். குட்டை மூக்கு விமானமானால் அதுவே 3, 4 கிராம் பிடிக்கும். ஆக ரப்பர் விமானமாக அது 7 பவுனுக்குச் சற்று மேல். இப்போது ரப்பரும் விசிறிக் கட்டையும் களிமண்ணும் வெளியே போகட்டும். உள்ளே வருபவை: பேட்டரி 5 கிராம், பல்சக்கரத்தோடும் விசிறியோடும் சேர்ந்த சிறு மோட்டார் 5 கிராம், வாலின் மடல்களை அசைக்கும் இரண்டு சர்வோக்களும் ஒரே தகட்டில் அமைந்த ரிசீவர் 4 கிராம், கம்பி, நூல், இணைப்புகள் 2 கிராம். மொத்தம் 16 கிராம், 2 பவுன். உடலோடு சேர்த்து 7 பவுன். மூக்கில் சும்மா உட்கார்ந்திருந்த களிமண்ணின் இடத்தில் வேலை செய்யும் மோட்டாரும், அதற்குப் பின்னால் பேட்டரியும் வந்துவிட்டன. விமானம் ஒரு கிராம்கூடக் கனக்கவில்லை. பொன் நிறுக்கும் மின்தராசு போன்ற ஒன்று இருந்தால் இந்த வரவு செலவை ஒரு பிள்ளையே எழுதி வைக்கலாம்.

இந்தக் கணக்கை மீறினால் என்ன ஆகும்? 56 கிராமில் இந்த விமானம் மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீட்டர் வேகம் வரை மெதுவாகப் பறக்கும். அதற்குக் கீழே இறக்கை தாங்காது. அது நிதானமாக மிதிக்கும் சைக்கிளின் வேகம். பழகாத கைக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். தடித்த பலகை, கனத்த பசை, கடையில் மலிவாகக் கிடைத்த பெரிய சர்வோ, இருக்கட்டுமே என்று வைத்த பெரிய பேட்டரி என்று சேர்த்து எடையை இரட்டிப்பாக்குங்கள். குறைந்தபட்ச வேகம் 22 கிலோமீட்டருக்கு மேல் போகும். அது பரவாயில்லை என்று தோன்றலாம். ஆனால் பறக்கத் தேவையான திறன் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, கிட்டத்தட்ட மூன்று மடங்காகிறது. எடை இரண்டு மடங்கு, வேகத்தின் வர்க்கமும் இரண்டு மடங்கு என்பதால் தரையில் மோதும்போது உள்ள ஆற்றல் நான்கு மடங்காகிறது. லேசான விமானம் புல்லில் விழுந்தால் ஒரு சட்டம் முறியும். ஒட்டிவிட்டு மறுபடி பறக்கவிடலாம். கனத்த விமானம் விழுந்தால் மூக்கு நொறுங்கிப் பேட்டரி முன்னால் பிய்த்துக்கொண்டு வரும். உறுதிக்காகச் சேர்த்த மரமே அதை உடைக்கிறது. இதைச் சமன்பாடாகக் கரும்பலகையில் எழுதினால் மாணவர் மனப்பாடம் செய்வார். இரண்டு விமானங்களை அடுத்தடுத்துப் பறக்கவிட்டால் மறக்கவே மாட்டார்.

ரப்பர் கிட்டையே ஏன் எடுக்க வேண்டும், முதலிலிருந்தே மின்விமானமாக வரைந்துகொள்ளலாமே என்று ஒரு கேள்வி எழும். ரப்பர் விமானத்தை வரைந்தவர், அதை ஓட்ட ஆளில்லை என்று தெரிந்தே வரைந்தார். கைவிட்ட பிறகு அது தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அதனால்தான் அதன் இறக்கைகள் நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. ஒரு பக்கம் சாய்ந்தால் தானே நிமிரும். வால் தேவைக்கு மேல் பெரிது. தலை குனிந்தாலும் தானே எழும்பும். இந்த இரண்டு குணங்களும் புதிதாக ஓட்டப் பழகுபவருக்குக் கிடைத்த வரம். இறக்கையில் அசையும் மடல்கள் வேண்டாம். திசை திருப்ப ரட்டர், ஏற்றி இறக்க எலிவேட்டர், வேகத்துக்கு மோட்டார் என்று மூன்றே கட்டுப்பாடுகள் போதும். வாலின் பின் ஓரத்தைக் கத்தியால் பிரித்து, மெல்லிய டேப்பால் கீல் ஒட்டினால் அவை தயார். ஆனால் அவற்றை அசைக்கும் சர்வோவை வாலருகே வைக்கக் கூடாது. பெரும்பாலான மாதிரிகளில் எடைமையத்திலிருந்து வால் இருக்கும் தூரம் மூக்கைப்போல மூன்று மடங்கு. அங்கே வைக்கும் ஒரு கிராமுக்கு மூக்கில் மூன்று கிராம் ஈடு கட்ட வேண்டும். சர்வோவை இறக்கைக்குக் கீழே வைத்து, வாலுக்கு நூல் ஓட்டுவதுதான் முறை. விசிறியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ரப்பர் விமானத்தின் விசிறி பெரியது, மெதுவாகச் சுழல்வது. மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு அதுவே சிக்கனம். சிறு மோட்டாரோ நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றுவது. அதன் அச்சிலேயே சிறு விசிறியைச் செருகினால் சத்தம்தான் அதிகம், இழுவை குறைவு. நடுவே ஒரு பல்சக்கரம் வைத்துச் சுற்றைக் குறைத்தால், கிட் வரைந்தவர் நினைத்த அதே பெரிய விசிறியை மின்சாரமும் சுழற்றும். பழைய வரைபடம் சொல்வதைக் கேட்கக் கேட்க வேலை எளிதாகிக்கொண்டே போகும்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். எளிதில் உடையாத நுரை விமானம் பெட்டியோடு தயாராகக் கிடைக்கிறது, காசும் நேரமும் மிச்சம் என்பது ஒன்று. ஓட்டக் கற்பதுதான் நோக்கமென்றால் அது சரியான பேச்சு. நுரை விமானத்தில் பத்து நாள் பழகிவிட்டு வருவதை நானும் பரிந்துரைப்பேன். ஆனால் வாங்கிய விமானத்தில் எடையை வேறொருவர் தீர்மானித்துவிட்டார். எடைமையம் எங்கே என்று குறிப்பேட்டில் அச்சிட்டிருக்கும். ஏன் அங்கே என்று கேட்கும் வேளை வாங்கியவருக்கு வராமலே போகலாம். அதைவிடக் கனமான மறுப்பு, இது ட்ரோன் காலம் என்பது. மருந்து தெளிக்கிறது, நிலம் அளக்கிறது, வேலைவாய்ப்பும் அதில்தான், இந்த நேரத்தில் தாள் விமானம் எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயம். நாலு விசிறி ட்ரோனை நிலையாக நிறுத்துவது அதற்குள் இருக்கும் கணினி; அதைப் பறக்கவிடுபவர் காற்றைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளாமலே ஓட்டிவிட முடியும். ஆனால் நெடுநேரம், நெடுந்தூரம் என்று வரும்போது ட்ரோன் துறையே எடைக் கணக்குக்குத் திரும்பி வருகிறது. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா அணி, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த யூ.ஏ.வி. சேலஞ்ச் போட்டியின் மெடிக்கல் எக்ஸ்பிரஸ் பிரிவில் இரண்டாமிடம் பெற்றது. தொலைவில் இருக்கும் நோயாளியின் ரத்த மாதிரியை ஆளில்லா விமானத்தில் போய் எடுத்து வர வேண்டும் என்பது அந்தப் போட்டி. இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எத்தனை கிராம் என்பதே அங்கேயும் கேள்வி. அணிக்கு ஆலோசகராக இருந்த நடிகர் அஜித்குமார் நெடுநாளாக மாதிரி விமானங்களில் ஈடுபாடு கொண்டவர் என்பதையும் நினைவுபடுத்துகிறேன். 7 பவுனுக்குக் கணக்கு எழுதிப் பழகிய கை, 7 கிலோவுக்கு எழுதும்போது தடுமாறாது.

இதெல்லாம் சென்னைக்குச் சரி, நம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். 1910இல் சென்னைப் பல்லாவரத்தில் டி’ஏஞ்செலிஸ் என்ற ஹோட்டல் உரிமையாளர் பறக்கவிட்ட விமானத்தைக் கட்டியது சிம்ப்சன் பட்டறை; குதிரை வண்டிகள் செய்துவந்த பட்டறை அது. மரவேலை தெரிந்த கை விமானத்துக்குப் போதுமானதாக இருந்தது. நம் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே வெட்டினால் பிளக்கும் என்று கைவிரலால் அறிபவர்கள் இங்கே குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். பால்சாவும் மரம்தான். ஒரே மரத்துப் பலகைகளில்கூட ஒன்று இன்னொன்றைப் போல் இரண்டு மடங்கு கனக்கும். எதை இறக்கைக்கு எடுப்பது, எதை உடலுக்கு எடுப்பது என்று தேர்வதில்தான் 40 கிராமும் 60 கிராமும் பிரிகின்றன. ஒரு சிற்பியின் பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருப்பது எந்தப் புத்தகத்தையும்விட இதில் உதவும். மூங்கிலைச் சீவிப் பட்டம் கட்டத் தெரிந்த பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. இறக்கை நுனியில் வளைவு வேண்டிய இடத்தில் மூங்கில் சிம்பைச் சூடு காட்டி வளைப்பது பழைய, நல்ல முறை. மோட்டார், பேட்டரி, ரிசீவர் மட்டும்தான் வெளியிலிருந்து வர வேண்டும். பழுதான பொம்மை ட்ரோன் ஒன்றிலிருந்தே அந்த மோட்டாரையும் பேட்டரியையும் எடுத்துவிடலாம்.

இடமும் காலமும்கூட நமக்கு வாய்த்தவைதான். மேற்கிலிருந்து அடிக்கும் ஆடிக் காற்றில் 16 கிலோமீட்டர் வேக விமானத்தை வெளியே எடுக்கவே கூடாது. முன்னால் போகாமல் நின்ற இடத்திலேயே ஆடும், பிறகு பின்னால் போகும். மாசி, பங்குனி விடியலில், வெயில் தரையைச் சூடேற்றுமுன் காற்று அசையாமல் நிற்கும் அந்த ஒரு மணி நேரம் போதும். வற்றிய ஏரித் தரையோ பள்ளி மைதானமோ நல்ல இடம். கரும்பு வெட்டிய கொல்லை வேண்டாம், கட்டைகள் தாளைக் கிழித்துவிடும். தியாகதுருகம் கோட்டை மலையின் அடிவாரமும் ஆகாது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று மறைவுப் பக்கத்தில் சுழலும், லேசான விமானத்தைச் சுருட்டிப் போட்டுவிடும். சட்டத்தைப் பற்றியும் அஞ்ச வேண்டியதில்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்படாதது நானோ வகை. அதை ஓட்ட பைலட் சான்று கேட்பதில்லை. நம் விமானம் அந்த எல்லையில் கால் பங்குகூட இல்லை. ஆனாலும் பறக்கவிடும் இடம் முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று வான்வெளி வரைபடத்தில் பார்த்துவிட்டு, அன்றைக்கு நடப்பில் உள்ள விதியையும் படித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இது பெரியவர்களின் பொறுப்பு. பேட்டரியும் அப்படியே. 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றாமல், 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்காமல், உப்பிப்போனதை மறுபடி சார்ஜ் போடாமல், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் போட்டால் அந்த 5 கிராம் யாரையும் தொந்தரவு செய்யாது. படுக்கை அருகே இரவு முழுக்க சார்ஜில் விடுவதை மட்டும் எந்த வீட்டிலும் அனுமதிக்காதீர்கள்.

கடைசியாக ஒரு மறுப்பு. இதைச் சொல்பவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ரப்பர் விமானம் ஒரு தனிக்கலை, கைவிட்டபின் தானே பறப்பதுதான் அதன் பெருமை, அதில் ரிமோட்டை வைப்பது அந்தக் கலையை அழிப்பது என்கிறார்கள். உலகப் போட்டிகளில் இன்றும் ரப்பர் பிரிவு உயிரோடு இருக்கிறது. 30 கிராம் ரப்பருக்கு மேல் கூடாது என்ற வரம்புக்குள் நின்று, வானில் நிமிடக் கணக்கில் மிதக்கும் விமானங்களைச் செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ரிமோட் வந்ததும் கட்டியவரின் பிழைகள் மறைந்துவிடும்; கோணிய இறக்கையைக் கட்டைவிரலால் சமாளித்துவிட்டு, கோணல் இருப்பதையே மறந்துபோவார்கள். ஆகவே கிட்டை முதலில் அதன் வரைபடப்படியே ரப்பரோடு கட்டுங்கள். மோட்டார் இல்லாமல், ரிமோட் இல்லாமல் அது நேராகப் போய் வட்டமடித்து இறங்கும்வரை இறக்கையையும் வாலையும் திருத்துங்கள். அது தன்னால் நன்றாகப் பறந்த பிறகே மாற்றத் தொடங்குங்கள். மாற்றும்போது, வால்பக்கத்தில் ரப்பரைப் பிடித்திருந்த ஆணியின் துளைகளை அடைத்துவிட வேண்டாம். மூக்கில் மோட்டாரை நிரந்தரமாக ஒட்டாமல், கழற்றி மாட்டும் கட்டையாகச் செய்யுங்கள். ஒரு நாள் மின்சாரத்தில் பறந்த விமானம் திடீரென்று வலப்பக்கமாக இழுக்கத் தொடங்கினால், மோட்டார் காரணமா, இறக்கை முறுக்கிக்கொண்டதா என்று தெரிய வேண்டும். கட்டையைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, பழைய விசிறிக் கட்டையையும் களிமண்ணையும் திரும்ப வைத்து, பழைய துளையில் ஆணியைச் செருகி, ரப்பரைக் கோத்து ஐம்பது சுற்று முறுக்கி விட்டுப் பாருங்கள். அப்போதும் வலப்பக்கமே போனால் கோணல் மோட்டாரில் இல்லை, இறக்கையிலோ வாலிலோதான் இருக்கிறது.